தாழிமேட்டுச் சாட்சி

பட்டாசுக் கம்பெனி வெடிவிபத்தில் ஊர்க்காவலன் கருகிச் செத்தபோது, "குடிச்சிட்டு வந்து மருந்தைக் கீழ போட்டுட்டான்" என்று முதலாளி மாரீஸ்வரன் போலீசில் சொன்னார். ஊரும் அதையே பேசியது. அவன் மனைவி கருப்பம்மாள், குடியையே அறியாத மனுசன்மேல் விழுந்த பழியை நெஞ்சுக்குள் தணலாகப் பொத்தி வைத்துக்கொண்டாள்.

ஆனைக்குட்டம் போகிற வழியில் மாரீஸ்வரனின் புன்செய்க் காட்டில் ஒரு மேடு உண்டு. ஆதிகாலத்து மனிதர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம். புதுக் கம்பெனி கட்டுவதற்காக அதை நிரவ ஜேசிபியை இறக்கினார் அவர். வேலைக்குப் போகும் வேனிலிருந்து கருப்பம்மாள் அதைப் பார்த்தாள். உடைந்த தாழிகளும் எலும்புகளும் சிதறிக் கிடந்தன.

இறங்கிப் போய்ப் போனில் படம் பிடித்தவள், புகார் கொடுக்க நேரே விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்குப் பஸ் ஏறினாள். எலும்புகள் மேல் வந்த பாசமல்ல அது. அந்த ஆள் அங்கே ஒரு செங்கல் வைக்கக் கூடாது.

தொல்லியல் அலுவலர் பிரீத்திகா வருவதற்குள் மேட்டில் தாழிகள் கிடந்த பாதியை அள்ளி எங்கோ கொட்டியிருந்தார்கள். "படம் வேற ஊர்ல எடுத்தது மேடம்" என்று மாரீஸ்வரன் சாதித்தார். வேலை நின்றது, கருப்பம்மாளை விசாரணைக்கு அழைத்தார்கள்.

அன்று மாலையே அவள் வாசலில் வந்து நின்றார் மாரீஸ்வரன்.

"ஏத்தா, படம் இங்க எடுத்ததில்லன்னு ஒரு வார்த்த சொல்லிரு. என்ன வேணும்னாலும் கேளு."

"எம் புருசன் குடிக்கலன்னு மொதல்ல ஊர்க்கூட்டத்துல சொல்லுங்க மொதலாளி."

சொன்னார். காளியம்மன் கோயில் முன்னால், தலையைக் குனிந்துகொண்டு, "ஊர்க்காவலன் மேல தப்பில்ல. ஒரே ரூம்ல அம்புட்டு மருந்தையும் அடைச்சு வச்சது நாந்தான்" என்றார்.

விசாரணையில் கருப்பம்மாள் ஒன்றையும் மறைக்கவில்லை. வேனில் போகும்போது பார்த்து வைத்திருந்த, மண்ணைக் கொட்டிய ஓடைக்கே பிரீத்திகாவைக் கூட்டிப்போய்த் தாழி ஓடுகளைக் காட்டினாள்.

திரும்பி வந்தவளை மாரீஸ்வரன் வழி மறித்தார். "ஏ கருப்பம்மா, ஒன்ன நம்பித்தான அம்புட்டுப் பேரு முன்னாலயும் சொன்னேன்!"

"சொல்லச் சொன்னேன், சொன்னீக. மாத்திப் பேசுதேன்னு நான் எப்பச் சொன்னேன்? அவரும் ஒங்கள நம்பித்தான் அந்த ரூமுக்குள்ள போனாரு."

மேட்டைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது, பாதுகாக்கப்பட்ட இடம் என்று பலகையும் வந்தது. பக்கத்திலேயே கிடைக்க இருந்த வேலை போயிற்றென்று சிலர் அவளைத் திட்டினார்கள்.

"இப்பவாவது மனசு ஆறுச்சாக்கா?" என்று வேனில் கேட்டாள் கூட வேலை பார்க்கும் அழகுமீனா.

"எங்க ஆறுது? ஆனா அந்த ஆளு இந்தப் பக்கம் வந்தா கார்க் கண்ணாடிய ஏத்திக்கிட்டுப் போறாருல்ல, அதப் பாத்தா அன்னைக்குச் சோறு நல்லா எறங்குது."