ஊடு மேல ஆளு

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு மேற்கே, ஏரிக்கரையை ஒட்டின தெருவில் ஞானம்மாவைப் பார்க்காதவர்கள் இருக்கலாம், கேட்காதவர்கள் கிடையாது. கழனியின் இந்தக் கோடியில் நாற்று நட்டுக்கொண்டே அந்தக் கோடியில் நடுகிறவளோடு ஊர்க்கதை பேசிப் பழகிய தொண்டை. எழுபதுகளில் கம்பெனிகள் வந்து, நிலமெல்லாம் சுற்றுச்சுவருக்குள் போய், நடவு வேலை நின்றுபோன பிறகும் அந்தத் தொண்டை மட்டும் சிறுக்கவில்லை. கழனியில் பேச முடியாததையெல்லாம் சேர்த்து வீட்டில் பேசினாள்.

புருஷன் சாலமோன் மேல் அவளுக்கு உயிர். அந்த உயிரை அவள் சந்தேகமாகத்தான் காட்டுவாள். மீன் கூடைக்காரி அவனைப் பார்த்துச் சிரித்தால் அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது. கோயிலில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஆரோக்கியமேரி டீச்சர் "சாலமோன், நல்லாப் பாடுறீங்க" என்று ஒருமுறை சொன்னதற்கு, இரண்டு ஞாயிறு கோயில் பக்கமே போகவிடாமல் அவன் வேட்டியைத் துவைக்கப் போட்டுவிட்டாள். அவனோ இரும்பைக் காய்ச்சிக் கம்பியாக இழுக்கிற கம்பெனியில் உலைப் பக்கம் நிற்கிறவன். அங்கே பேசினாலும் காதில் விழாது என்பதால் பேசாமலே இருந்து பழகி, வீட்டிலும் அப்படியே இருந்தான். பேசாத புருஷனை எந்தப் பெண்டாட்டிதான் நம்புவாள்?

இந்த நிலையில்தான் வீட்டுக்குக் கூரை மாற்றினார்கள். ஐப்பசிப் புயல் பழைய ஓலையைப் பிய்த்து ஏரியில் கொண்டுபோய்ப் போட்ட பிறகு, பனஞ்சட்டத்தில் கைமரம் வைத்து, மூங்கில் கட்டி, நாட்டு ஓடு வேய்ந்தார்கள். வேலையை முடித்துவிட்டு இறங்கிய கொத்தனார் ராஜமாணிக்கம் சாலமோனிடம் கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்.

"ஓடு போட்டாச்சுன்னு காலை நீட்டிக்கினு படுக்காத நைனா. வேப்பமரம் பக்கத்துலியே கீது. சருகு அடைச்சா தண்ணி உள்ளதான் எறங்கும். அணில் ஓடுனாலே ஓடு நகரும். வாரத்துக்கு ஒரு தபா மேல ஏறிப் பாத்துடு."

சாலமோன் தலையை ஆட்டினான். வேறு யார் சொன்னதற்கும் இப்படி உடனே தலையாட்டி ஞானம்மா பார்த்ததில்லை. அடுத்த ஞாயிறே கோயிலிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, ஏணியைச் சாத்தினான்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் குளிக்கிற இடம் வீட்டுக்குப் பின்னால்தான். சுற்றி ஓலைத் தட்டி, மேலே வெறும் வானம். அதனால் பனை ஏறுகிறவனானாலும் கூரை ஏறுகிறவனானாலும், கால் வைக்கும் முன்னால் தெருவுக்குக் கேட்கிற மாதிரி குரல் கொடுக்க வேண்டும். தட்டிக்குள் யாராவது இருந்தால் "இரு" என்று பதில் வரும். பதில் வந்தால் நின்றுவிட வேண்டும். குரல் கொடுக்காமல் ஏறுகிறவனுக்கு அந்தத் தெருவில் மரியாதை கிடையாது.

"ஊடு மேல ஆளு!" என்று சாலமோன் கூவினான்.

"கொஞ்சம் இருண்ணா, வந்துடறேன்!" என்று பக்கத்து வீட்டுத் தட்டிக்குள்ளிருந்து செண்பகம் பதில் சொன்னாள்.

செண்பகத்தின் புருஷன் லாரி ஓட்டுகிறவன். ஆந்திரா பக்கம் போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். அவளும் அதற்காக மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்கிற ஜாதியில்லை, எதற்கும் சிரிப்பு. அந்தப் பதிலிலும் சிரிப்பு இருந்தது என்று ஞானம்மாவுக்குத் தோன்றியது. அதைவிட, சாலமோனுக்கு இப்படி ஒரு குரல் இருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கல்யாணமான நாள் முதல் தன்னை ஒரு தடவையாவது அப்படி வாய்விட்டுக் கூப்பிட்டிருப்பானா? சோறு வேண்டும் என்றாலும் தட்டைத்தான் நகர்த்துவான். வயிறு எரிந்தது அவளுக்கு.

வாரத்துக்கு ஒரு தடவை என்று சொன்னது, ஷிப்ட் முடிந்து வெளிச்சம் மிச்சமிருக்கிற நாளெல்லாம் என்று ஆனது. ஏறினால் லேசில் இறங்கமாட்டான். சருகு அள்ள எவ்வளவு நேரம் ஆகும்? ஞானம்மா கீழே நின்றுகொண்டு விடமாட்டாள்.

"யோவ், அந்த ஓட்டுக்குப் பொட்டு வெச்சுப் பூ முடிச்சுட்டுதான் வருவியா? இன்னாய்யா பண்ற அங்க? எனுக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு கீறியா? குரல் கொடுக்கறதும் தெரியும், பதில் வர்றதும் தெரியும்!"

மேலிருந்து வேப்பஞ்சருகு மட்டும் ஒரு கை விழும்.

கடைசியில் ஒருநாள் பொறுக்கமுடியாமல் குழாயடியில் செண்பகத்தை மடக்கினாள்.

"இந்தாம்மே, உன் தட்டியப் பிரிச்சு அந்தப் பக்கமா கட்டிக்க. எங்கூட்டு ஆளு ஏர்ற எடத்துலயா நீ குளிக்கணும்?"

செண்பகம் குடத்தை இறக்கிவைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்புதான் வந்தது அவளுக்கு.

"இன்னாத்துக்குக்கா பேஜாரு? மாத்திக்கிறேன் போ" என்றாள். சொன்னபடி மறுநாளே தட்டியைப் பிரித்து, வீட்டின் மறுபுறம், ஏணிமேல் ஏறினாலும் தெரியாத மூலையில் கட்டிக்கொண்டாள்.

ஜெயித்துவிட்டதாக நினைத்து ஞானம்மா அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். ஆனால் சாயங்காலம் சாலமோன் ஏணியைச் சாத்தி, தட்டி இருந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, இனி யாருக்காகக் கூவுவது என்று குரல் கொடுக்காமலே ஏறிவிட்டான். அவள் குழம்புச் சட்டியை மூடிவைத்தாள். இதுவரை குரலாவது காதில் விழுந்தது. இப்போது அதுவும் இல்லாமல், சாடையிலேயே பேசிக்கொள்கிறார்களோ என்னவோ! மழைக்காலம் போய்க் கோடை வந்தது. அவ்வளவு மழையிலும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒழுகாத கூரைக்கு ஆள் எதற்கு? அவன் ஏறுவதை நிறுத்தவில்லை.

மேலே போய்ப் பார்த்துவிட்டால் தீர்ந்தது என்று முடிவு செய்தாள். அவன் பகல் ஷிப்டுக்குப் போயிருந்த நாளில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏணியைச் சாத்தினாள். வழக்கம் வழக்கம்தானே, அவளும் குரல் கொடுத்தாள்.

"ஊடு மேல ஆளு!"

பொம்பளைக் குரலில் இப்படி ஒரு கூவலைத் தெரு கேட்டதில்லை. செண்பகம் ஓடிவந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "யக்கா, கைமரத்து மேல கால் வையி, நடுவுல வெக்காத!"

உன் புத்தி எனக்கு வேண்டாம் என்று ஞானம்மா வேண்டுமென்றே நடுவில் வைத்தாள். ஓடு மடக்கென்று போனது. காலை உருவிக்கொண்டு, தவழ்ந்து முகட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

முகட்டில் சிமெண்ட் பூசின இடத்தில் ஒரு சாக்கு மடித்துப் போட்டிருந்தது. பக்கத்தில் அணைத்த பீடித் துண்டுகள். அதில் உட்கார்ந்தால் செண்பகத்தின் வீட்டுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார முடியும். எதிரே வற்றிக்கிடக்கிற ஏரி. அதில் ஒரு மாடுகூட இல்லை. கம்பெனிப் புகைபோக்கி வேறு திசையில் இருந்தது. ரயில் பாதையும் தெரியவில்லை. அவள் கழுத்தை நீட்டி நாலா பக்கமும் தேடினாள். பொறாமைப்பட அங்கே ஒரு பொருளும் இல்லை.

சாயங்காலம் வந்தவன் அண்ணாந்து பார்த்தான். உடைந்த ஓடு கண்ணில் பட்டது. திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ ஏறினியா?"

"ஏறினேன். இன்னா கீது அங்க? ஒண்ணுமே இல்லியே! இன்னாத்துக்குய்யா போய்க் குந்திக்கிற?"

சாலமோன் தண்ணீர் மொண்டு காலைக் கழுவினான். சொல்லலாமா வேண்டாமா என்று இருப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு, குற்றம் செய்தவன் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"கம்பெனில காது அடைச்சுப் போவுது. ஊட்டுக்கு வந்தா..." அதோடு நிறுத்தினான். "மேல குந்துனா சத்தம் இல்ல. அவ்ளோதான் ஞானம்."

ஞானம்மா வாயைத் திறந்தாள். செண்பகத்தைத் திட்டுவதற்கென்று சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் மூட்டை மூட்டையாக இருந்தன; ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை. அன்றைக்கு அவள் பேசாமல் சோறு போட்டாள். பேசாமல் இருப்பது நெஞ்சை அடைத்தது. ஆனால் அவன் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்தபோது அதைவிட அதிகமாக வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் மாற்று ஓட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏணியில் கால் வைத்தான். ஞானம்மா வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். தன் குரலா என்று தனக்கே சந்தேகம் வருகிற அளவுக்கு மெல்லக் கேட்டாள்.

"நானும் வரட்டாய்யா? பேசமாட்டேன். சும்மா பக்கத்துல குந்திக்கறேன்."

அவன் பாதி ஏணியில் நின்று அவளைப் பார்த்தான். கோபமில்லை, கிண்டலில்லை.

"ரெண்டு பேர ஓடு தாங்காது ஞானம்" என்று சொல்லிவிட்டு ஏறிப்போனான்.

அவன் சொன்னது நிஜம்தான். நாட்டு ஓடு ஒரு ஆளையே பார்த்துப் பார்த்துத்தான் தாங்கும். அவன் முகட்டுக்கு அந்தப் பக்கம் போய் மறைகிற வரைக்கும் ஞானம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டில் செண்பகம் எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் மேல் எரிந்துகொண்டிருந்த நாளெல்லாம் எவ்வளவு நல்ல நாள் என்று ஞானம்மாவுக்கு அப்போதுதான் தோன்றியது.