கஞ்சியண்ணனுக்கு இரண்டு கதை

பதுளை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போன் திருத்தும் சின்னக் கடையொன்றில் வேலை செய்யும் றிச்சர்ட், போன வருசம் வரைக்கும் பார்ப்பவர்களுக்கு வாய் பேசாத ஆள். குனிந்த தலை நிமிராது. "டிஸ்பிளே போயிருச்சு", "நாளைக்கு வாங்க", அவ்வளவுதான் அவனிடமிருந்து வரும். ஆனால் மடுல்சீமைக்கு மேலே அவன் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் போய், றிச்சர்ட் பேசவே மாட்டான் என்று சொன்னால் சிரிப்பார்கள். "யாரு, நம்ம றிச்சட்டா? எங்களுக்கு ஜப்பான் கதை சொன்னவனாச்சே அவன்!" என்பார்கள்.

அந்த ஜப்பான் கதை தோட்டத்துக்கு வந்தது அவனுடைய பத்தொன்பதாவது வயதில். அப்போது அவன் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தான். அம்மா பிரான்சிஸ்கா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போயிருந்தாள். அப்பா யாகோப்பு தேயிலை பெக்டரியில். கொழும்பில், ஜப்பானிலிருந்து கப்பலில் வரும் பழைய சாமான்களை விற்கும் கடையில் இருந்த சித்தப்பா, கிறிஸ்மஸுக்கு வரும்போது ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்தார். டீவியில் பொருத்தி விளையாடுகிற பெட்டி. கூடவே கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் கனமான இன்னொரு பெட்டி.

"விளையாட்டுத் தட்டு ஒண்ணுமில்லடா. அடுத்த தடவை கொண்டாறேன்" என்றார் சித்தப்பா.

பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு தட்டு இருந்தது. ஜப்பானில் யாரோ எடுக்க மறந்துபோன சீடித் தட்டு.

அது ஒரு ரௌடிக் கூட்டத்தைப் பற்றிய விளையாட்டு. ஒரு துறைமுகப் பட்டணம், ராத்திரியெல்லாம் எரியும் வண்ண விளக்குகள், சந்துக்குச் சந்து அடியாட்கள். சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருத்தன்தான் நாயகன். கோட்டைக் கழற்றினால் முதுகு நிறைய ஒரு கொக்கு பச்சை குத்தியிருக்கும். கையில் கிடைத்ததைத் தூக்கி அடிப்பான். ஒரு தடவை சைக்கிளையே தூக்கி அடித்தான். அடித்து முடித்ததும் எல்லோரும் உட்கார்ந்து படத்தில் வருகிற மாதிரி நீளமாகப் பேசுவார்கள். பேச்சும் ஜப்பான் பாஷை, எழுத்தும் ஜப்பான் எழுத்து. அவனை எல்லோரும் 'கென்ஜி' என்று கூப்பிடுவது மட்டும் காதில் விழுந்தது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களுக்கு அது கஞ்சி ஆகி, மரியாதைக்குக் கஞ்சியண்ணன் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து சாப்பிட்ட பிறகு லயமே றிச்சர்டின் வீட்டு முன் திண்ணையில், இஸ்தோப்பில் கூடிவிடும். டீவியை வாசல் பக்கம் திருப்பி வைப்பான். ஆரம்பத்தில் சண்டையை மட்டும் பார்த்துக் கைதட்டினார்கள். ஒரு நாள் பக்கத்து வீட்டு விஜயலெட்சுமிக்குப் பொறுக்கவில்லை. அவள் கொழுந்து பறிக்கிறவள்; மலையில் அவள் பேசினால் அடுத்த மலைக்குக் கேட்கும்.

"அடிக்கிறான், சரி. எதுக்குடா அடிக்கிறான்?"

"எனக்கென்னக்கா தெரியும்? ஜப்பான் பாஷை."

"தெரியாட்டிப் போகுது. ஒரு கதையைக் கட்டிச் சொல்லு. வெறுமனே பாத்துக்கிட்டிருக்க முடியுதா?"

அப்படித்தான் தொடங்கியது. அவன் கட்டிச் சொல்கிறான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அது யாருக்கும் ஒரு குறையாகவும் தெரியவில்லை.

றிச்சர்டின் கதையில் கஞ்சியண்ணனின் அப்பாவைக் கொன்றவன் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு கள்ள டொக்டர். நூடில்ஸ் கடையில் நிற்கும் பெண் கஞ்சியண்ணனின் மாமன் மகள். அவளைக் கட்ட அவனுக்கு ஆசை, வாய்விட்டுச் சொல்ல வெட்கம். அவ்வப்போது ஒரு பெரிய வீட்டில், நரைத்த கொண்டையும் பட்டுடுப்புமாக ஒரு பெண் வந்து கஞ்சியண்ணனை முறைத்துவிட்டுப் போவாள்.

"இது யாரு?" என்று கேட்டாள் விஜயலெட்சுமி.

றிச்சர்ட் கொஞ்சம் யோசித்தான். "அம்மா."

"அம்மான்னா ஏன் வேற வீட்டுல இருக்கா?"

"அங்க வேலைக்கு இருக்காங்க. வெளிநாட்டுல. கஷ்டத்துக்குப் போனது."

அதற்குப் பிறகு அந்தப் பெண் எப்போது வந்தாலும் இஸ்தோப்பு அமைதியாகிவிடும். கடைசிக் காட்சியில் அவள் துறைமுகத்தில் கப்பலருகே நின்றாள். கஞ்சியண்ணன் நடந்துபோய் அவள் முன்னால் தரையில் தலைபட விழுந்தான். "அம்மா வந்துட்டாங்க" என்றான் றிச்சர்ட். விஜயலெட்சுமி மூக்கைச் சிந்திக்கொண்டே, "நல்லாயிருப்பே, இன்னொரு தடவை போடு" என்றாள்.

அடுத்த வருசமே பிரான்சிஸ்காவும் வந்துவிட்டாள், குவைத்திலிருந்து, இரண்டு பெரிய பேக்கோடு. கறுப்புப் பெட்டி அதற்குள் பழுதாகிப்போயிருந்தது. றிச்சர்ட் போன் வேலை பழகப் பதுளைக்குப் போனான். அங்கே ஹல்துமுல்லையிலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த கிருஷாந்தியைப் பார்த்தான், பிறகு கட்டினான். அவள் இப்போது பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிறாள். டவுனில் அவனுக்குக் கதை கேட்க ஆளில்லை. அதனால்தான் அவன் பேசாத ஆளாகிப்போனான்.

போன வருசம் ஒரு மத்தியானம், கடையில் அவனோடு வேலை செய்யும் ஷிபான் போனை நீட்டினான்.

"மச்சான், இதப் பாரு. பழைய ஜப்பான் கேம் ஒண்ண புதுசாச் செஞ்சு விட்டிருக்கானுகள்."

றிச்சர்ட் பார்த்தான். அதே துறைமுகம். அதே சாம்பல் கோட்டு. அந்தக் காலத்தில் களிமண் பொம்மை மாதிரி இருந்த முகத்தில் இப்போது வியர்வை வழிவது தெரிந்தது. மழை பெய்தால் ரோட்டில் விளக்குகள் நெளிந்தன. கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, "டேய், கஞ்சியண்ணன்டா!" என்று அவன் போட்ட சத்தத்தில் கடை வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவனோடு ஆறு வருசம் வேலை செய்த ஷிபான் அப்படியொரு சத்தத்தைக் கேட்டதே இல்லை.

ஷிபானின் அண்ணன் கட்டாரிலிருந்து கொண்டுவந்த புதுப் பெட்டி அவர்கள் வீட்டில் சும்மா கிடந்தது. "கொண்டுபோ, ஆடி முடிச்சுட்டுத் தா" என்றான். இந்தத் தடவை பேச்சுக்குக் கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடியது. கிருஷாந்தி தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சும்மா வாசிக்கத் தொடங்கினாள்.

"இந்த வெள்ளைக் கோட்டுக்காரன் பொலிஸ். இவரோட சின்ன வயசுக் கூட்டாளி. ரகசியமா உதவி செய்யிறாராம்."

"இல்ல இல்ல, அவன் டொக்டர். அப்பாவைக் கொன்னவன்."

"அப்படி யாரும் சொல்லலயே. இங்க பாருங்க, எழுதியிருக்கு."

றிச்சர்ட் தோட்டத்தில் தான் கட்டிய கதையைச் சொன்னான். நூடில்ஸ் கடைப் பெண் மாமன் மகள் இல்லை. எதிர்க் கூட்டத்துக்கு உளவு சொல்கிறவள். கென்ஜியை மூன்று இடத்தில் காட்டிக்கொடுத்தவளே அவள்தான். அதை வாசித்தபோது கிருஷாந்திக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "இவளையா கட்டி வைக்கப் பாத்தீங்க?"

நரைத்த கொண்டைக்காரி ரௌடிக் கூட்டத் தலைவனின் மனைவி. கென்ஜியைத் தீர்த்துக்கட்டச் சொல்லி ஆள் அனுப்பியவள். றிச்சர்ட் விளையாட்டை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தான்.

"இவங்களை என்னன்னு சொன்னீங்க?"

"அம்மான்னு."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"தலை நரைச்சிருந்திச்சு. வேற யாருன்னு சொல்லுறது?"

கிருஷாந்தி அவன் அம்மா குவைத்தில் இருந்த வருசங்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். "சரி, ஆடுங்க" என்று இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்கார்ந்தாள்.

சேதி எப்படியோ தோட்டத்துக்கு ஏறிவிட்டது. விஜயலெட்சுமி போன் எடுத்தாள். "றிச்சட்டு, கஞ்சியண்ணன் புதுசா வந்திருக்கானாமே. நீ டவுன்ல தனியா பாத்துக்கிட்டிருக்கியா? போயா லீவுக்குக் கொண்டுக்கிட்டு வா."

"அக்கா, கதை நான் சொன்னது மாதிரி இல்லக்கா. எல்லாமே வேற."

"எப்படி வேறயாகும்? நாங்க பாத்தோமே!"

பௌர்ணமிப் போயா அன்று காலையில் ஷிபானின் வேன் பசறை வழியாக ஏறியது. உள்ளே பெட்டி, கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடும் புரொஜெக்டர், இரண்டு ஸ்பீக்கர், மடியில் கேக்கோடு கிருஷாந்தி. கடைசி ரோடு கல்லும் குழியுமாக இருந்ததால் அதில் மட்டும் எல்லோரும் இறங்கி நடந்தார்கள். வாசகசாலை மண்டபத்தில் ஜன்னல்களுக்கெல்லாம் கம்பளி கட்டி இருட்டாக்கி, சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி வைத்திருந்தார்கள். அன்றைக்கு இஸ்தோப்பில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இருந்தார்கள். பிரான்சிஸ்கா முன்வரிசையில் யாகோப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்தக் கதையை அவள் முழுதாகப் பார்த்ததே இல்லை. அவள் இல்லாத வருசங்களில் நடந்த பல விஷயங்களில் இதுவும் ஒன்று.

ஏற்கெனவே ஆடி முடித்த காட்சிகளை ஒவ்வொன்றாகப் போட்டார்கள். கடைசிப் பகுதியை மட்டும் றிச்சர்ட் ஆடாமல் வைத்திருந்தான், அங்கேயே ஆடுவதென்று. கிருஷாந்தி மைக்கைப் பிடித்து, ஓடுகிற எழுத்தைத் தமிழில் சொன்னாள்.

"இவர் பொலிஸ்காரர், கென்ஜியோட நண்பர்" என்றதுதான் தாமதம், மண்டபம் கொதித்தது.

"என்ன டீச்சர் சொல்றீங்க? அவன் கள்ள டொக்டரு!"

"நம்பாதீங்க! அவன்தான் அப்பனைக் கொன்னவன்!"

"எழுத்துல இருக்குங்க" என்றாள் கிருஷாந்தி.

"எழுதுனவனுக்கு என்ன தெரியும்?" என்றாள் விஜயலெட்சுமி. "றிச்சட்டு, நீயும் ஒரு மைக்கை எடு. ரெண்டு பேரும் சொல்லுங்க. எது நல்லாயிருக்குன்னு நாங்க பாத்துக்கிறோம்."

ஷிபான் இரண்டாவது மைக்கைக் கொடுத்தான். றிச்சர்ட் முதலில் தயங்கினான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அந்த மாமன் மகளைப் பாருங்க, நூடில்ஸ் கிண்டுறா, கை நடுங்குது. ஏன் நடுங்குது?" என்று தொடங்கினான்.

"ஏன்னா இப்பதான் காட்டிக்குடுத்துட்டு வந்திருக்கா" என்றாள் கிருஷாந்தி மற்ற மைக்கில்.

"இல்ல, மச்சான் சாப்பிட வந்த வெக்கம்!"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. அதன் பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. அவன் ஒன்று சொல்வான், அவள் வெட்டுவாள். அவள் வாசிப்பாள், அவன் அதற்கு மேல் ஒரு துண்டு ஒட்டுவான். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் தன் புருசன் இப்படிப் பேசி கிருஷாந்தி பார்த்ததில்லை. வாசிக்க வேண்டிய வரியை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "டீச்சர், படிங்க!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

கடைசிச் சண்டை வந்தது. றிச்சர்ட் இரண்டு தடவை தோற்றான், மூன்றாம் தடவை ஜெயித்தான். பிறகு துறைமுகம், கப்பல், நரைத்த கொண்டை. பிரான்சிஸ்கா பக்கத்தில் இருந்த விஜயலெட்சுமியின் காதில் ஏதோ கேட்டாள்.

"அதுவா? அதுதான் கஞ்சியண்ணனோட அம்மா" என்று விஜயலெட்சுமி ஊருக்கே கேட்கச் சொன்னாள். "வெளிநாட்டுல இருந்து வருது. உன் மகன்தான் சொன்னான், நீ குவைத்துல இருக்கையில."

பிரான்சிஸ்கா திரும்பி மகனைப் பார்த்தாள். றிச்சர்ட் திரையைப் பார்த்தான்.

கென்ஜி தரையில் விழுந்து வணங்கினான். பழைய விளையாட்டு அந்த இடத்தில்தான் முடியும். இது முடியவில்லை. புதிதாகச் செய்தவர்கள் ஒரு காட்சியைச் சேர்த்திருந்தார்கள். மழை பெய்யும் ஒரு வீட்டு வாசல். அதே பெண், கறுத்த தலையோடு, இளவயதில். எதிரே தாயில்லாத நாலு வயதுக் குழந்தை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், முன்னால் ஒரு கிண்ணம் சோறு வைக்கிறாள்.

கிருஷாந்தி மெதுவாக வாசித்தாள். "இனி இதுதான் உன் வீடு. பசிச்சா என்கிட்டக் கேளு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "இவங்கதான் கென்ஜியை வளத்திருக்காங்க."

விஜயலெட்சுமி எழுந்து நின்றாள். "நான் சொல்லல? அம்மாதான்னு நான் சொல்லல?" மண்டபம் முழுக்க விசிலும் கைதட்டலும். யாகோப்பு கூட எழுந்து நின்று தட்டினார். கிருஷாந்தி புருசனைப் பார்த்து, "சரி, இதுல நீங்க ஜெயிச்சீங்க" என்று மைக்கிலேயே சொன்னாள்.

பிரான்சிஸ்கா மகனிடம் வந்து அவன் தலைமயிரைக் கலைத்துவிட்டாள். "ஏண்டா, நான் அவ்வளவு கிழவியாவா இருந்தேன்? அப்பவே நரையா?"

"களிமண் மூஞ்சிம்மா. அப்ப சரியாத் தெரியல."

அதற்குப் பிறகு இரண்டு போயாவுக்கு அவர்களைக் கூப்பிட்டார்கள். ஒரு தடவை பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் ஆள் வந்தது. கடையிலும் றிச்சர்ட் இப்போது பேசுகிறான். போன் உடைந்த கதையை வாடிக்கையாளர் சொல்லி முடிப்பதற்குள் இவன் அதற்கு ஒரு முடிவு கட்டிவிடுகிறான். சில பேர் திருத்திய போனை வாங்கிக்கொண்டும் போகாமல் நிற்கிறார்கள் என்று ஷிபானுக்குத்தான் புகார்.

கண் கிளினிக்குக்காக பிரான்சிஸ்கா பதுளையில் மகன் வீட்டில் கொஞ்ச நாள் தங்கினாள். பகலில் தனியாக இருக்கிறாளே என்று கிருஷாந்தி பெட்டியைப் போட்டுக்கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போனாள். மாமியாருக்குச் சண்டை பிடிக்கவில்லை. துறைமுகத்தில் தூண்டில் போடலாம் என்று கண்டுபிடித்து, கஞ்சியண்ணனை அங்கேயே நாள் முழுக்க நிற்க வைத்து மீன் பிடித்தாள். அடியாட்கள் வந்து வம்புக்கு இழுத்தால் அவனைத் தப்பி ஓட வைப்பாள். திரும்பி வந்து மறுபடி தூண்டில்.

ஒரு நாள் றிச்சர்ட் வேலை முடிந்து வரும்போது வீட்டுக்குள்ளே அம்மாவின் சத்தம் வாசல் வரை கேட்டது. பதறி உள்ளே ஓடினான். பெரிய மீன் ஒன்று மாட்டுகிற நேரத்தில் ரௌடிக் கூட்டமொன்று குறுக்கே வந்துவிட்டது போல. பிரான்சிஸ்கா கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி வைத்துக்கொண்டு, எல்லாப் பட்டனையும் ஒன்றாக அமுக்கிக்கொண்டிருந்தாள். திரையில் மூன்று பேர் கடலில் கிடந்தார்கள்.

"அம்மா, குடுங்க, நான் பாக்கிறேன்."

"சும்மா இருடா" என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல். "இன்னும் ரெண்டு பேரு நிக்கிறானுக."