லேமினேட் செய்த ரயில்

சென்ற வியாழக்கிழமை காலை ஒரு ரயிலை லேமினேட் செய்தேன்.

சிரிக்காதீர்கள். ரேஷன் கார்டை லேமினேட் செய்கிறோம். டி.சி.யைச் செய்கிறோம். சிலர் ஜாதகத்தையே செய்து வைத்திருக்கிறார்கள். ரயிலை மட்டும் செய்யக் கூடாதா?

கூடாது. அது எனக்கு வியாழக்கிழமை மதியம்தான் தெரிந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். நாலு மாதமாக எங்கள் வீட்டில் ஒரு பிரிண்டர் இருக்கிறது. பத்திரிகைக்கு எழுதும் இந்தப் பத்தியை டைப் அடித்து அனுப்பப் போகிறேன் என்று சொல்லி வாங்கியது. பத்தியை இன்னும் கையால்தான் எழுதுகிறேன் — பிரிண்டர் வேறு வேலைக்குப் போய்விட்டது. இன்டர்நெட்டில் காகிதப் பொம்மைகள் சும்மாவே கிடைக்கின்றன என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கேயோ ஜப்பானில் ஒரு புண்ணியவான் உட்கார்ந்து, ஒரு பென்குவினை நார்த்தங்காய்த் தோல் மாதிரி உரித்து, ஒரே தாளில் விரித்துப் போட்டிருக்கிறான். நாம் அதை மாடம்பாக்கத்தில் பிரிண்ட் எடுக்கலாம். கல்யாணப் பத்திரிகை கனத்துக்குத் தாள் இருந்தால் போதும். கெட்டிக் கோட்டை வெட்ட வேண்டும். புள்ளிக் கோட்டை மடிக்க வேண்டும். ஓரங்களில் சின்னச் சின்னக் காதுகள் விட்டிருப்பார்கள் — அதில் பசை தடவி ஒட்ட வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? முதல் பென்குவினின் கடைசிக் காதை ஒட்டி, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, இருபது வரை எண்ணிவிட்டுக் கையை எடுத்தேன். நின்றது. காலையில் வெறும் தாள். மதியம் வயிறும் முதுகுமாக மேஜை மேல் நின்று என்னைப் பார்க்கிறது. பிறந்து நாற்பத்திரண்டு வருஷத்தில் எனக்கு இப்படி ஒரு குதூகலம் வந்ததில்லை. தெருவில் போகிற யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது. கேஸ் சிலிண்டர் போட வந்தவரிடம் காட்டினேன். அவர் கையெழுத்து கேட்டார்.

நான் எட்டாம் வகுப்பில் பாதியோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் என்பது தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். கனசதுரத்தை விரித்தால் என்ன வடிவம் வரும் என்று கணக்கு வாத்தியார் கேட்ட அன்றுதான் எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஏறக்குறைய முடிந்துபோனது. இப்போது கேட்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு வெட்டித் தருவேன். ஆறு சதுரம், ஒட்டுவதற்கு ஏழு காது. குறிப்பெல்லாம் ஜப்பான் மொழியிலும் இங்கிலீஷிலும்தான் இருக்கும். யாருக்கு வேண்டும் குறிப்பு? ஒன்று என்று போட்ட காதை ஒன்று என்று போட்ட இடத்தில் ஒட்டு. இரண்டை இரண்டில் ஒட்டு. எனக்கு எண் தெரியும்.

ஒரே ஒரு தொல்லை... என் கை. கவலை வந்தால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். கவலை எனக்கு எப்போதும் வரும். பிரிண்டர் மை இருக்கிறதே, அது ஈரம் பட்டால் கரைந்துவிடும். ஆசை ஆசையாக ஒரு யானை செய்தேன். முடிக்கும்போது பார்த்தால் அதன் நெற்றியில் என் கட்டைவிரல் ரேகை — பத்திரப் பதிவு ஆபீசில் வைத்த மாதிரி — சுத்தமாக விழுந்திருந்தது.

இதுவரை விளையாட்டு. இனிமேல்தான் வினை.

என் மனைவி சுமதி சேலையூரில் ஒரு நர்சரி பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். மூன்று வருஷமாகத் தற்காலிகம். இந்த வருஷம் ஒரே ஒரு நிரந்தர இடம் இருக்கிறது, ஆசைப்படுகிறவர்கள் இரண்டு பேர். வெள்ளிக்கிழமை இருவரும் ஆளுக்கொரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும் — அந்த இன்னொருவர் ஒன்பது மணிக்கு, சுமதி பத்து மணிக்கு. தாளாளர் அம்மா பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். யாருடைய வகுப்பு தேறவில்லையோ அவர் ஜூனில் வர வேண்டாம். சுமதிக்கு வந்த தலைப்பு ரயில். காட்டும் பொருள் கடையில் வாங்கியதாக இருக்கக் கூடாது, கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் சட்டம்.

"நான் சார்ட்ல வரைஞ்சுக்கறேங்க" என்றாள் சுமதி.

"சார்ட்டா? நான் ஓடற ரயிலே செஞ்சு தரேன். ஒரு இன்ஜின், ரெண்டு பெட்டி."

"நீங்க டென்ஷன் ஆவீங்க."

"எனக்கென்ன டென்ஷன்?"

"முதல்ல கையைத் துடைங்க."

ஆனாலும் என் முகத்தைப் பார்த்து இரங்கிவிட்டாள். பாடக் குறிப்பில் 'கையால் செய்த காகித ரயில்' என்று எழுதி, தலைமை ஆசிரியையிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டாள். இனி மாற்ற முடியாது.

புதன்கிழமை ஆறு தாள்களில் ரயில் அச்சாகி வந்தது. பச்சையும் மஞ்சளுமாக என்ன அழகு என்கிறீர்கள்! ஜன்னல், அதற்குள் பொட்டுப் பொட்டாகத் தலைகள், கதவோரம் ஒரு குடை. ஆறாவது தாள் வெளியே வந்ததோடு மை தீர்ந்துவிட்டது. மை நிரப்பித் தரும் கடைக்காரர் ஊருக்குப் போயிருக்கிறார், சனிக்கிழமைதான் வருவார். பிரவுசிங் சென்டரில் கறுப்பு வெள்ளை மட்டும்தான். அதாவது, உலகத்தில் இருப்பது இந்த ஆறு தாள்கள். அவற்றைத் தொடப்போவது என் கை.

நம் ஊரில் பயம் வந்தால் இரண்டு இடத்துக்குப் போவோம். ஒன்று கோயில். இன்னொன்று லேமினேஷன் கடை. மழை, வியர்வை, சாம்பார், எலி, எதிர்காலம் — எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றும் அந்தப் பிளாஸ்டிக் உறை. மாடம்பாக்கத்து சிவனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேராக கேம்ப் ரோடு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். "இன்னா சார் இது, ரயில் டிக்கெட்டா?"

"ரயிலேதாம்பா."

"ஆறு ஷீட்டும் போடணுமா?"

"நல்லா கனமாவே போடு. தண்ணில போட்டாலும் ஒண்ணும் ஆகக் கூடாது."

"அப்ப அது கப்பல் சார்" என்றபடி மெஷினுக்குள் விட்டார்.

வெளியே வந்த தாள்கள் பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தன. கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். ரேகை விழுந்தது. சட்டை நுனியால் துடைத்தேன். போயே போய்விட்டது. ஸ்கூட்டரில் வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே சிரிப்பு. இவ்வளவு சுலபமான யோசனை இந்த ஜப்பான்காரர்களுக்கு ஏன் தோன்றவில்லை?

வீட்டுக்கு வந்து வெட்டினேன். நன்றாக வெட்டியது. மடித்தேன். மடிந்தது. கையை எடுத்தேன்... மெதுவாக, சோம்பல் முறிப்பது போல, மறுபடி விரிந்தது. பசை தடவி ஒட்டினேன். இருபது எண்ணினேன், ஐம்பது எண்ணினேன், நூறு எண்ணினேன். கையை எடுத்ததும் பசை தோலாக உரிந்து வந்தது. பிளாஸ்டிக் மேல் காகிதப் பசை எப்படி ஒட்டும்? ஜப்பான்காரர்களுக்கு இந்த யோசனை தோன்றாத காரணம் அப்போது புரிந்தது.

மணி ஒன்றரை. எனக்கு ரயில் தெரியவில்லை. ஜூன் மாதம் பையை மாட்டிக்கொள்ளாமல் வாசலில் நிற்கும் சுமதிதான் தெரிந்தாள்.

எங்கள் பக்கத்துப் போர்ஷனில் அம்சா என்று ஒரு பெண் இருக்கிறாள். பம்மலில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தவள். இப்போது பைகளின் கைப்பிடிகளை வீட்டுக்கே வாங்கிவந்து கையால் தைத்துக் கொடுக்கிறாள். காய்ந்த துணி எடுக்க வந்தவள், ஜன்னல் வழியே என்னைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாண்ணா, மூஞ்சி இப்டி கீது? யாருக்கு இன்னா ஆச்சு?"

சொன்னேன். முழுக்கச் சொல்வதற்குள் இரண்டு முறை மூக்கைச் சிந்தினேன். அம்சா உள்ளே வந்து ஒரு பெட்டியைக் கையில் எடுத்தாள். வளைத்துப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். முகர்ந்துகூடப் பார்த்தாள்.

"இத்த எவன் ஒட்டச் சொன்னான்?"

"ஒட்டறதுதாம்மா முறை."

"ஒட்டலன்னா தைக்கணும். இதுக்குப் போய் அழுதுகினு கீறியே."

அவ்வளவுதான் சொன்னாள். போய் ஓட்டை போடும் குத்தூசியும், இரண்டு தையல் ஊசியும், மெழுகு தடவிய நூலும் எடுத்து வந்தாள். மடிக்கும் கோடுகளில் உள்பக்கமாகக் கத்தி நுனியால் லேசாகக் கீறினாள். முழுக்க அறுக்கக் கூடாது, பிளாஸ்டிக் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டும். இப்போது மடித்தால் மடித்தபடி நின்றது. அப்புறம் காதையும் சுவரையும் சேர்த்துப் பிடித்து, குத்தூசியால் வரிசையாகக் குத்தி, ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று, இந்தப் பக்கத்திலிருந்து ஒன்று... இழுத்தாள். பெட்டியின் ஓரம் 'க்ரிச்' என்று இறுகியது.

அந்தச் சத்தம் இருக்கிறதே! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என்னிடம் குத்தூசியைக் கொடுத்தாள். அவள் தைக்க, நான் ஓட்டை போட. உள்ளங்கை வியர்த்தது. வியர்க்கட்டுமே — அது லேமினேட் ஆன ரயில்.

"ரைட்டா போடுண்ணா. ஏன் கோணிக்கினு போவுது?"

"எட்டாவதோட நின்னவன்மா நான்."

"நான் அஞ்சாவதுண்ணா. நீ மேல படிச்சுட்டுத்தான் இத்த லேமினேஷன் பண்ணிக்கினு வந்தே."

நாலு மணிக்குச் சுமதி வந்தாள். செருப்பைக் கழற்றாமலேயே வாசலில் நின்றாள். தரையெல்லாம் பிளாஸ்டிக் துண்டு. நடுவில் இன்ஜின், அதன் ஓரமெல்லாம் சிவப்பு நூலில் தையல் — ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த மாதிரி.

"ஒட்டலையா?" என்றாள்.

"ஒட்டலை."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவள் பையை வைத்துவிட்டு என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எந்தப் பக்கம் பிடிக்கணும் அம்சா?"

விளக்கு வைப்பதற்குள் இன்ஜினும் இரண்டு பெட்டியும் தைத்து, கொக்கி மாட்டி, முன்னால் கயிறும் கட்டிவிட்டோம். கூடத்தில் இழுத்தால் சரசரவென்று வருகிறது. மூன்று பேரும் மாற்றி மாற்றி இழுத்தோம். அம்சா இரண்டு முறை கூடுதலாக இழுத்தாள்.

வெள்ளிக்கிழமை சுமதியைப் பள்ளியில் விட்டுவிட்டு எதிர் டீக்கடையில் நின்றேன். எல்.கே.ஜி. ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கும். பாதி தெரிந்தது, எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகள் வரிசையாக ரயிலை இழுத்தார்கள். தாளாளர் அம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதுவரை சரி. அப்போது ரெட்டை ஜடை போட்ட ஒரு குட்டிப் பெண், ரயில் என்றால் ஏறத்தானே வேண்டும் என்கிற நியாயத்தில், இரண்டாவது பெட்டியின் மேல் நிதானமாக ஏறி உட்கார்ந்தாள்.

என் கையில் இருந்த டீ பாதி சட்டையில்.

பெட்டி சப்பையானது. சுமதி பிள்ளையைத் தூக்கினாள். பெட்டி ஒரு நிமிஷம் யோசித்தது... பிறகு சோம்பல் முறிப்பது போல மெதுவாக எழுந்து நின்றது. ஒரு தையல்கூட விடவில்லை. பசையில் ஒட்டிய சாதாரணக் காகிதமாக இருந்திருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். கவலைப்படுகிறவன் தப்பு செய்தாலும் கெட்டியாகத்தான் செய்வான் போலிருக்கிறது.

தாளாளர் அம்மா எழுந்தார். ரயில் பக்கம் போய்க் குனிந்தார். பிள்ளைகள் சுற்றி மொய்த்து ஜன்னலை மறைத்துவிட்டார்கள். அப்புறம் ஒன்றும் தெரியவில்லை. முக்கால் மணி நேரம். மூன்று டீ. அந்த முக்கால் மணி நேரத்தில் நான் எங்கள் அடுத்த பத்து வருஷத்தையும் யோசித்து முடித்துவிட்டேன்... எதுவும் நன்றாக இல்லை.

இடைவேளை மணி அடித்ததும் சுமதி கேட்டுக்கு வந்தாள். வெறுங்கையோடு வந்தாள்.

"அந்தம்மா ஏன் குனிஞ்சாங்க?"

"நூலை இழுத்துப் பார்த்தாங்க. யாரு தைச்சதுன்னு கேட்டாங்க. எங்க வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு அம்சாவும்னு சொன்னேன்."

"நீயும் கூடப் பிடிச்சதைச் சொல்லலையா?"

"கேட்டது தையலைத்தானே. பாடம் நான் எடுத்ததை அவங்களே பார்த்தாங்க."

"சரி, என்னதான் சொன்னாங்க?"

"ரயிலை ஸ்கூல்லயே வெச்சுக்கறாங்களாம்."

"ரயில் கிடக்கட்டும். உன்னை?"

"என்னையும்தான்."

ரயிலைத்தான் முதலில் சொன்னாள் — கவனித்தீர்களா?