பொட்டு வைத்த பியானோ

கிரீஸின் மேல் காயும் சந்தனத்துக்கு ஒரு வாசனை உண்டு. ஆயுத பூஜையன்று எந்த ஒர்க்‌ஷாப்பைக் கடந்தாலும் அது என்னைப் பிடித்து நிறுத்தும். நிறுத்தி, உத்திரமேரூர் வீட்டுக் கூடத்தில், அத்தையின் பியானோவுக்குப் பக்கத்தில், ஒன்பது வயதுக்காரியாக உட்காரவைத்துவிடும்.

செங்கல்பட்டில் நெல் விற்கப் போன நைனா, ஒரு பழைய பங்களாவில் ஏலத்துக்கு வந்த பியானோவை வண்டியில் ஏற்றிவந்திருந்தார். மிஷன் ஹாஸ்டலில் படித்த தங்கை வாசிப்பாள் என்பது ஒரு காரணம். மரம் நல்ல மரம் என்பது இன்னொன்று. எறும்பு ஏறாதிருக்க, சமையலறை அலமாரிக்கு வைப்பதுபோல, அதன் கால்களுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்தார்.

கூடவே வந்த ஸ்டூலின் மூடிக்கடியில் ஓர் இசைக்குறிப்புப் புத்தகம் கிடந்தது. யாரோ ஒரு ஜெர்மன்காரன் எழுதிய சொனாட்டா. இடைவெளியே விடாமல் அரைமணி நேரம் ஓடுகிற ஒற்றைப் பாட்டு. இரண்டு வருடம் அத்தை அதோடு மல்லுக்கட்டினாள். அவள் தலையசைக்கும்போது பக்கம் திருப்புவது என் வேலை.

அத்தை போட்ட கடிதத்துக்கு மெட்ராஸ் பியானோ டீச்சர் ஒருவர், விடுமுறையில் ஊர்ப்பக்கம் கோயில் பார்க்க வருவதாகவும் அப்படியே அத்தையின் வாசிப்பைக் கேட்பதாகவும் எழுதினார். பிடித்துப்போனால் அவருடைய இசைப்பள்ளியில் வேலை. இல்லையென்றால் தையில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் பியானோவுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் வந்த விடுமுறை சரஸ்வதி பூஜை. பியானோவுக்குக் காலையிலேயே பொட்டும் மாலையும் ஆகிவிட்டது. மேலே என் கணக்குப் புத்தகத்துக்கு அடியில் சொனாட்டா. பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது.

“நாளிக்கு விஜயதசமி. விடிஞ்சதும் வாசி, யார் வேணான்னா?” என்றார் நைனா.

“நாளிக்கு அவங்க இருக்க மாட்டாங்கண்ணா. அடுத்த பஸ்ஸுல கெளம்புறாங்க.”

“அதுக்கு நான் இன்னா பண்றது? சாமி சமாச்சாரம்.”

அத்தை அவர் காலைப் பார்த்தாள். முழங்கால்வரை சேறு.

“கெணத்து மோட்டாருக்கும் காலைலதான் பொட்டு வச்சோம். ஓடிக்கினு கீதே?”

“கரண்டு வந்துச்சி. வுட்டா பயிரு காஞ்சிடும்.”

“என் கரண்டு அதோ நாற்காலில ஒக்காந்துகீது. ஒரு மணி நேரத்துல பூடும்.”

டீச்சர் பொரி மெல்லுவதை நிறுத்தினார். வயலிலிருந்து மோட்டார் உறுமியது. நைனா உள்ளே போய்க் காலைக் கழுவினார். திரும்பி வந்து ஒரு கற்பூரம் ஏற்றினார். பியானோவைச் சுற்றிக் காட்டினார்.

“வாசி. சாமி கேட்டா, நான் சொல்லிக்கறேன்.”

வாசித்தாள். அடியில் எங்கோ இருட்டில் புரண்டு, மூச்சு முட்டி, பிறகு பாய்ந்து, பாய்ந்து, கூடத்தை மீறித் தெருவுக்குள் போனது அது. குங்குமம் உதிர்ந்து கட்டைகளில் விழ, விரல்கள் சிவந்தன. கால் கிண்ணங்களில் தண்ணீர் நடுங்கியது. வாசலில் பொரியும் கையுமாக ஊரே நின்றது. கடைசிப் பக்கத்தை நான் திருப்பியபோது அவள் புத்தகத்தைப் பார்க்கவேயில்லை.

முதலில் பேசியவர் நைனா. “ஏரி கோடி போறா மாரி கீது.” ஏரி நிரம்பித் தளும்பி வழிவதைச் சொன்னார். எங்கள் பக்கம் அதற்கு மேல் ஒரு புகழ்ச்சி கிடையாது.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “மெட்ராஸ்லயே இத யாரும் வாசிக்கறதில்லம்மா. எழுதினவன் இருபத்துநாலு வயசுல போயிட்டான். பாட்டையும் மறந்துட்டாங்க. நீ ஒண்ணாந்தேதி வந்து சேந்துடு.”

ஒன்றாம் தேதி பஸ்ஸில் அத்தையின் மடியில் அந்தப் புத்தகம். குங்குமக் கறையோடு. கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு சின்ன வயதில் செத்துப்போனானே, பாவமில்லையா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். அவள் சொன்ன பதில் வயதைப் பற்றியது மட்டும்தான் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்; தையில் வைத்திருந்த கல்யாணம் அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

“பாவந்தான். எனக்கும் வர்ற தையில இருபத்துநாலு. ஆனா, நான் அதுக்கப்புறமும் வாசிப்பேண்டி.”