டிபன் கேரியர் வழக்கு

என் மண்டையை உடைத்த ஆயுதம் நாலடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர். முதல் தகவல் அறிக்கையில் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். கேரியரிலிருந்து பாறையில் கொட்டிப்போன புளியோதரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடித்தவன் என் மனைவியின் தம்பி. குற்றாலத்தில் நல்ல சாரல். ஐந்தருவிக்குப் போவதா, பழைய குற்றாலத்துக்கா என்று எங்களுக்குள் பேச்சு முற்றியது. கையில் இருந்ததை ஓங்கிவிட்டான். தென்காசி ஆஸ்பத்திரியில் தையல் போட்ட கையோடு, ஆத்திரத்தில் நானும் புகார் கொடுத்துவிட்டேன். போலீஸ் வேலைக்குத் தேர்வாகி, ஆர்டருக்காக அவன் காத்திருந்த நேரம் அது.

கோபம் ஆறியதும் அவன் வீட்டுக்குப் போய்க் கை நனைத்தேன். சண்டை போட்ட வீட்டில் ஒருவேளை சாப்பிட்டுவிட்டால் எங்கள் பக்கம் பகை தீர்ந்தது. கேஸும் தீர்ந்தது என்று நினைத்து, வாய்தாவுக்கு அவனும் போகவில்லை, நானும் போகவில்லை. அவனுக்குப் பிடிவாரண்டு வந்தது.

பதறிப்போய் வக்கீலிடம் ஓடினேன்.

"எம் மண்டை, நான் கொடுத்த புகார். நானே வாபஸ் வாங்கிக்கிடுதேன்" என்றேன்.

"அடிதான் ஒங்களுக்கு அண்ணாச்சி. கேஸ் அரசாங்கத்துக்கு. நீங்க வெறும் சாட்சி."

"அரசாங்கத்துக்கு எங்கன வலிச்சுது?"

அவர் சிரிக்கவில்லை. "ஒங்களுக்கு அவன் மச்சினன். நாளைக்கு ஒரு பெரிய மனுசன் ஏழையை அடிச்சிட்டு, மெரட்டி வாபஸ் வாங்க வச்சா? கையால அடிச்சிருந்தாக்கூட நீங்களே ராசியாப் போயிரலாம். ஆயுதம்னு வந்துட்டுதே."

அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போனது. அதன்பின் பார்க்கும்போதெல்லாம் அவரைக் கேள்வி கேட்டே அரித்தேன். அவர் வாரண்டை ரத்து செய்யவைத்து, வழக்கையே ரத்து செய்யக் கேட்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் மனுப் போட்டார்.

மனமுவந்துதான் சமாதானமா என்று நீதிபதி என்னைக் கேட்டார். பிறகு அரசு வக்கீலைப் பார்த்தார். "ஆட்சேபணை இல்லை" என்றார் அவர். என் மண்டையைப் பார்த்தே இராத அரசாங்கமும் மன்னித்துவிட்டது. வழக்கு ரத்தானது.

ஆனால் அதற்குள் அந்தப் போலீஸ் வேலை அவன் கையைவிட்டுப் போயிருந்தது. வெளியே டீ குடிக்கும்போது நான்தான் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

"அடுத்த செலக்சன்ல எழுதுவோம் மாப்ளே. இப்பத்தான் கேஸ் இல்லையே."

"இல்லன்னாலும் விசாரிப்பாவ அத்தான். எதுக்குலே அடிச்சேன்னு கேட்டா என்ன சொல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. சட்டத்தைப் பற்றி ஊர்ப்பட்ட கேள்வி கேட்டவன் நான். இதை அவனிடம் கேட்டதே இல்லை.

"எதுக்கு மாப்ளே அடிச்சே?"

டம்ளரைக் கீழே வைத்தான்.

"தெரியல அத்தான். அன்னைக்கே கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."