மச்சான் போட்ட பெரிய டயர்

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள். இதை என் மச்சானிடம் சொன்னால் வீக்கம்தான் வடிவு என்பான்.

ஒருநாள் பின்னேரம் கந்தோரில் வேலை முடிந்து வந்து வீட்டுப் படலையைத் திறந்தேன். முற்றத்தில் நின்ற எங்கள் பழைய ஜீப் ஒரு முழம் உயர்ந்திருந்தது. நான்கு சில்லிலும் மாட்டுத் தலை அளவு ரப்பர்க் கட்டைகளோடு பெரிய டயர்கள். பக்கத்தில் இடுப்பில் கை வைத்தபடி மச்சான், என் தங்கச்சியின் புருசன், என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன்.

"எப்பிடி?" என்றான்.

எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

அந்த ஜீப் விளையாட்டுச் சாமான் அல்ல. உடப்புக் கரையில் கரைவலையில் படும் மீனை மணலிலிருந்து தார் வீதிக்குக் கொண்டுபோய், அங்கே நிற்கும் ஐஸ் லொறியில் ஏற்றிவிடுவதுதான் அதன் வேலை. மச்சானின் பிழைப்பும் அதுதான். பல வருடம் வலைக்கயிறு இழுத்து அவனுடைய வலது தோள் கெட்டுப்போனது. அதனால்தான் குடும்பமாகச் சேர்ந்து ஜீப்பை எடுத்துக் கொடுத்தோம். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியும் மீன் ஏற்றும் வேலையை அவனுக்கே தந்தார். அது கைவிட்டுப் போனால் அவனுக்கு மறுபடி கயிறுதான், அதே தோளோடு.

ஜீப் மணலில் புதைவது உண்மை. அதற்கு மருந்து எல்லோருக்கும் தெரியும். மணலில் இறங்கும்போது டயர்க் காற்றைப் பாதிக்கு இறக்க வேண்டும், தார் வீதிக்கு வந்ததும் திரும்ப அடிக்க வேண்டும். மூன்று மாதமாகச் சொன்னேன். ஒரு கைப்பம்பும் வாங்கிக் கொடுத்தேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

"காத்த இறக்குறதெல்லாம் சரிவராது மச்சான். டயர் பெரிசெண்டா ஏன் புதையப் போகுது?"

வில்பத்துப் பக்கம் சுற்றுலா ஜீப் ஓட்டும் ஒருவர் கழற்றிப் போட்ட டயர்களாம். சிலாபத்தில் ஒரு கடையில் கொடுத்து ஜீப்பில் பூட்டியிருக்கிறான். கடைக்காரர் சிங்களமும் தமிழுமாக, "டயர் பெரிசு, ரிம் பொடி, சரிவராது தம்பி" என்று சொல்லியிருக்கிறார்; சிங்களத்தில் பொடி என்றால் சின்னது. அதை இவனே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னான். ஜீப்போடு வந்த ஒடுக்கமான ரிம்மில் அந்த டயர்கள் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு நின்றன. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் மட்கார்டில் உரசி நாய் ஊளையிடுவதுபோல ஒரு சத்தம். அதற்கு அவன் சுத்தியலை எடுத்து இடது கையால் மட்கார்டை மேலே அடித்து வளைத்தான். சத்தம் மட்டும் குறையவில்லை.

"நாளைக்கே கழட்டு" என்றேன்.

"பூசை போட்டாச்சு மச்சான்."

வரும் வழியில் கோயிலடியில் நிறுத்தி, ஐயரைக் கூப்பிட்டு, கற்பூரம் காட்டி, ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு தேசிக்காய் நசுக்கியிருக்கிறான். "பூசை போட்ட சாமான அடுத்த நாளே கழட்டினா செய்யிற தொழில் விளங்குமா?"

பழைய டயர்கள் நான்கும் என் வீட்டு முருங்கை மரத்தடியில் கிடந்தன. மழை பெய்து அவற்றுள் தண்ணீர் தேங்கியது. நுளம்புக்குப் பழைய டயர் என்றால் மாளிகை. சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வரும் காலம் வேறு. படகுக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, படகோடு படகு முட்டாமல் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுங்கள் என்று நான்கையும் கொடுத்துவிட்டேன். மச்சானிடம் கேட்கவில்லை. அதில் கொஞ்சம் கோபமும் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை வேடிக்கை பார்க்க நானும் கரைக்குப் போனேன். வலையில் நல்ல மீன்பாடு. மீன்பெட்டிகளை அடுக்கிக்கொண்டு புறப்பட்ட ஜீப் முப்பது அடி போகுமுன் புதைந்தது. பெரிய டயர் சுற்றச் சுற்றக் குழிதான் பெரிதானது. எனக்குப் பொறுக்கவில்லை.

"இப்பவாவது காத்த இறக்கடா!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். குனிந்து நான்கிலும் காற்றை இறக்கினான். ஜீப் எழும்பி ஓடியது. வெற்றி என்று நினைத்தேன். வீதிப் பக்கம் திரும்புவதற்கு ஸ்டியரிங்கை ஒடித்ததும், காற்றுக் குறைந்த முன்டயர் அந்த ஒடுக்கமான ரிம்மை விட்டு அப்படியே கழன்று விழுந்தது. பின்னால் கிடந்த மேலதிக சில்லு பழைய அளவு. ஜக்கை வைத்தால் ஜக்கும் மணலுக்குள் இறங்கியது. கடைசியில் வலைக்காரர் ஜீப்பில் வலைக்கயிற்றைக் கட்டி, வலை இழுப்பதைப் போலவே இழுத்துக் கரைசேர்த்தார்கள். மச்சானும் பழக்கதோசத்தில் போய்க் கயிற்றைப் பிடித்தான், இடது கையால்.

மீனை டிராக்டர் ஏற்றிப் போனது. லொறி ஒரு மணித்தியாலம் காத்து நின்றது. சம்மாட்டி கத்தவில்லை. "திங்கக்கிழமை வரைக்கும் பாக்கிறன் தம்பி. பிறகு டிராக்டர்தான்" என்றார். கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் படகுக்காரரைத் தேடிப் போனேன். எங்கள் டயர்கள் மஞ்சளும் குங்குமமுமாகப் படகின் இரண்டு பக்கமும் தொங்கின. நல்ல காலம், துளை போடாமல் கயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்தார்.

"எப்பிடி அண்ணா திருப்பித் தாறது? பூசை போட்டெல்லோ கட்டினது. அவிழ்த்தா கடலுக்குப் போறவங்களுக்கு மனம் வராது."

எனக்குத் தலையைக் கொண்டுபோய்ப் படகில் முட்டலாம் போல இருந்தது. மன்றாடிய பிறகு, "வேற நாலு தாங்க. அதுக்குப் பூசை போட்டிட்டு இத அவிழ்க்கிறம்" என்றார். உலகத்தில் எங்களிடம் இருந்த வேறு நான்கு டயர் எவை என்று சொல்ல வேண்டியதில்லை.

"அதுக்கு ஏற்கனவே பூசை போட்டதுதானே" என்றேன்.

"அது தரைக்குப் போட்டது அண்ணா. இது கடலுக்கு."

ஐயர் மறுபடி வந்தார். என்னைப் பார்த்து அவர் சிரித்ததை நான் மறக்க மாட்டேன்.

பின்னேரம் பழைய டயர்கள் பழைய ரிம்மில் ஏறின. "நாளையில இருந்து ஒழுங்கா காத்த இறக்கி ஓட்டு. இந்தச் சின்ன வேலைக்கு உனக்கு என்ன அவ்வளவு பஞ்சி?" என்று ஆரம்பித்தேன். மச்சான் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டான். தேத்தண்ணி கொண்டுவந்த தங்கச்சி கோப்பையை என் முன்னால் சத்தமாக வைத்தாள்.

"இறக்குறது லேசு அண்ணா. நாலு சில்லுக்கும் திரும்ப ஆரு அடிக்கிறது? சைக்கிள் பம்ப ரெண்டு தரம் அமத்தினாலே தோள் கழண்டுபோற மாதிரி நோகுதாம். முந்தியவிட மோசம், இப்ப சட்டையையும் நான்தான் போட்டு விடுறன்."

"ஏன் எனக்குச் சொல்லயில்ல?"

"சொன்னா ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிஞ்சா சம்மாட்டிக்குத் தெரியும். பெட்டி தூக்க ஏலாத ஆளுக்கு ஆரு வேலை குடுப்பாங்க?"

நான் ஜீப்பின் ஆசனத்தைத் தூக்கிப் பார்த்தேன். நான் வாங்கிக் கொடுத்த பம்பு உறை பிரிக்காமல் கிடந்தது. மூன்று மாதமாக அவனை எருமை, சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

இப்போது விடிந்ததும் நான் தார் வீதி ஓரத்தில் பம்போடு நிற்கிறேன். பற்றரியில் ஓடும் பம்பு பூட்டலாம் என்றால், அந்த ஜீப்பின் பற்றரிக்குத் தன்னையே எழுப்பத் தெம்பில்லை. ஜீப் மணலை விட்டு ஏறி வந்ததும் நான்கு சில்லுக்கும் காற்று அடித்துவிட்டு, சட்டை நனைந்து கந்தோருக்குப் போகிறேன். மச்சான் மட்கார்டில் சாய்ந்து நின்று, "பின் சில்லுக்கு இன்னும் கொஞ்சம்" என்பான். எரிச்சல் எரிச்சலாக வரும்.

எனக்குச் சீனி வருத்தம், தினமும் உடம்பை அசைக்கும்படி டொக்டர் சொல்லியிருக்கிறார் என்று கரை முழுக்கக் கதை பரப்பி வைத்திருக்கிறான். போன கிழமை சம்மாட்டி என்னைக் கண்டு நின்று, "இப்ப சீனி எப்பிடித் தம்பி, குறைஞ்சிருக்கா?" என்று கவலையோடு கேட்டார்.

பம்பை அமத்திக்கொண்டே, "ஓம், கொஞ்சம் குறைஞ்சிருக்கு" என்றேன்.