விடுதி கொடுத்த வேட்டி

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். காலை எட்டு மணிப் பேருந்தில் ஏறினேன். கடலையும் கரையையும் கெடுக்காமல் யாத்திரையை வளர்ப்பது எப்படி என்று ஆய்வாளர்களும் விடுதிக்காரர்களும் கூடிப் பேசும் கருத்தரங்கு அங்கே. பதிகங்களில் தீர்த்தம் என்னும் பொருளில் பேச என்னையும் அழைத்திருந்தார்கள்.

பிற்பகலில் மதுரைப் பேராசிரியை ஒருவர் கட்டுரை படித்தார். அக்கினி தீர்த்தத்தில் நீராடுவோர், பாவம் தொலையுமென்று உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். அது மீனவர் வலையில் சிக்கி வலையைக் கிழிக்கிறது என்றார். அவ்வழக்கத்தை நிறுத்தத் தீர்மானம் நிறைவேறிற்று. எல்லாரினும் உரக்கக் கைதட்டியவர், நாங்கள் தங்கிய விடுதியின் மேலாளர்.

மறுநாள் விடியலில் அதே மேலாளர் ஆண்களுக்குக் காவி வேட்டியும் பெண்களுக்குச் சேலையும் வழங்கினார். ஓரத்தில் விடுதியின் பெயர் அச்சாகியிருந்தது.

“இது எதற்கு?” என்றேன்.

“கடல்ல விடத்தான் சாமி. நம்ம பேக்கேஜ்ல சேர்ந்தது.”

“நேற்றைய தீர்மானம்?”

“அது பொதுசனத்துக்குங்க. நீங்க நம்ம விருந்தாளியாச்சே!”

நீராடி உடை மாற்றிய பேராசிரியையும் ஈரச் சேலையைக் கடலில் விட்டுத் திரும்பினார். “மாமியார் கண்டிப்பாச் சொல்லிவிட்டாங்க ஐயா. இந்த ஒரு தடவைதான்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் நீராடி, விடுதி கொடுத்த வேட்டியைப் பிழிந்து பையில் திணித்தேன்.

“பாவமும் கூடவே வந்துரும் சாமி!” என்று மேலாளர் பதறினார்.

ஒன்பது மணிக்கு எங்களை வேனில் தனுஷ்கோடிக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே மீனவர்கள் கரையில் நின்று கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலை மணலேறியபோது மீன் சொற்பம். துணிதான் பொதிபொதியாக வந்தது. வலைக்குச் சொந்தக்காரரான முனியாண்டி ஒரு காவித் துணியை உதறி, ஓரத்து எழுத்தைப் படித்துவிட்டு எங்கள் வேனைப் பார்த்தார். அதிலும் அதே பெயர்.

“ஏலே, உலைய வைங்கலே! ஓட்டல்காரவுக விருந்துக்கு வந்திருக்காக!”

இழுத்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கிழிந்த வலையைத் தூக்கிக் காட்டினார். “இதத் தைக்கிற மட்டும் இத்தன வீட்டுலயும் அடுப்பு எரியாது. ஒங்க பாவத்தத் தொலைக்க எங்க வலதான் கெடச்சுச்சா?”

படமெடுக்க உயர்த்திய கைபேசியைப் பேராசிரியை தாழ்த்தினார். மேலாளர் வேனுக்குள் ஏறிக்கொண்டார். பதிகம் பாடியவர்கள் தம் பாவத்தை இறைவனிடம் சொல்லி அழுதார்கள். அடுத்தவன் வலையில் போடச் சொன்னதாக நான் எங்கும் படித்ததில்லை.

திரும்பும் பேருந்து பாம்பன் பாலத்தில் ஏறுகையில் என் பை சொட்டத் தொடங்கியது.

“என்ன பெரியவரே, மீனா?” என்றார் பக்கத்திலிருந்த ஏர்வாடிக்காரர்.

“இல்லை, என் பாவம். வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்.”

அவர் காலைச் சற்று ஒதுக்கிக்கொண்டார்.